வெள்ளைப் பக்கம்

மூன்று வருடமாகச் சுகிர்தாவின் வலைப்பூ அவளுக்காகத் தானே எழுதிக்கொள்கிறது. பித்தப்பை அறுவை முடிந்த ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதைத் திறந்தாள். மாடித் தோட்டத்தில் கத்தரி காய்த்திருப்பதாகக் காலையில்கூட எழுதியிருந்தது. கீழே தம்பி ஜெபசிங், 'அருமை அக்கா' என்று போட்டிருந்தான். ஒன்பது நாளும் அதையேதான் போட்டிருந்தான்.

'உடம்பு முடியவில்லை' என்று அவளே தட்டினாள். வலைப்பூ அதை 'இன்று இனிய ஓய்வு' என்று திருத்திப் போட்டது. அதனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. படங்கள், பதிவுகள், தன் பெயர் என அத்தனையையும் அழித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

கால்மணி நேரத்தில் போன் அடித்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் குரல்.

"வலைப்பூ பக்கத்துல ஒண்ணுமே இல்லையேக்கா. நீ எங்க இருக்க?"