விட்டு அனுப்பிய கோப்பு

“அண்ணா, உன் புது வெர்ஷனும் திறக்கல. ஏதோ லைப்ரரி ஃபைல் காணோம்னு சொல்லுது” என்று தங்கை போனில் சொன்னதும் அவன் கிளம்பிவிட்டான்.

மற்ற கடைகளுக்கெல்லாம் பில்லிங் மென்பொருளை ஒரு குறையும் இல்லாமல் அனுப்புகிறவன், அவளுடைய மருந்துக்கடைக்கு மட்டும் டேட்டாபேஸைத் திறக்கிற அந்த ஒரு கோப்பை வேண்டுமென்றே விட்டுவிடுவான். அவள் கல்யாணத்துக்கே வராத அண்ணன், வேறு எந்தச் சாக்கில் அவள் கடைப்படி ஏறுவான்?

கடையில் கூட்டம். தங்கை வேர்த்து விறுவிறுத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“இந்த சாஃப்ட்வேர் குடுத்தவனைக் கூப்பிட்டு நல்லா நாலு கேளும்மா” என்றார் ஒரு பெரியவர்.

“இதோ வந்து நிக்கிறார், நீங்களே கேளுங்க” என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் தலைகுனிந்தபடி கோப்பைப் போட்டுக் கொடுத்தான்.

கூட்டம் கலைந்ததும், “அதை வேணும்னேதான் விட்டுட்டு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும். உன்னைப் பார்க்க எனக்கு வேற வழி தெரியல. இனிமே முழுசா அனுப்பிடறேன். மன்னிச்சிடும்மா” என்றான்.

அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“முதல் தடவை நீ போட்டப்பவே அதை நான் காப்பி எடுத்து வெச்சுட்டேன். இன்னிக்கும் அதைப் போட்டுத்தான் காலையிலேர்ந்து பில் ஒழுங்கா ஓடுச்சு.”

“அப்போ கையால எழுதினியே?”

“நீ தெருமுனையில திரும்பறதைப் பார்த்ததும் அந்த ஃபைலைக் கம்ப்யூட்டர்லேர்ந்து தூக்கிட்டேன். சும்மா வாண்ணான்னு கூப்பிட எனக்கு மட்டும் வழி தெரிஞ்சுதா?”