துண்டுச் சீட்டு

“பொதுமக்களிடம் முறைப்படி கருத்துக் கேட்கப்பட்டது. மறுபக்கம் பார்க்கவும்” என்று வாசித்தார் நகர அமைப்பு அமைச்சர். சபை குலுங்கிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, தாளைத் திருப்பி மீதியை வாசித்தார்.

கையில் எதைக் கொடுத்தாலும் பார்க்காமல் வாசிக்கிறவர் என்று பெயரெடுத்த மனிதர். துணிக்கடை விலைப்பட்டியலைக் கொடுத்தால் தள்ளுபடியோடு சேர்த்து வாசித்துவிடுவார் என்று லிஃப்டில் பேசிக்கொள்வார்கள்.

அதிகாரிகள் மாடத்தில் இருந்த பிரிவு அலுவலர் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எழுதியவர் அவர். பதினெட்டு வருடமாக ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதி எழுதி, ஆபீசில் அவர் பெயரே ‘பரிசீலனை’ ஆகிவிட்டது. வழக்கமாக அந்த நாற்காலி இணைச் செயலருடையது. இன்று அமைச்சரே வீட்டிலிருந்து போன் செய்தாராம், பரிசீலனையை அனுப்பினாலே போதும் என்று.

விவகாரம் ஒரு பள்ளிக்கூடம். அதை இடித்துவிட்டுப் பேருந்து நிலையம் கட்டத் திட்டம். அங்கே தலைமையாசிரியை பரிசீலனையின் மனைவி. நானூறு பிள்ளைகளையும் எந்தப் பரிசீலனையில் உட்காரவைப்பது என்று காலையில் கைப்பையை மூடிக்கொண்டே கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவருக்குச் சுருக்கென்றுகூட இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போகும் கன்னம் மாதிரி இருந்தது மனசு.

எதிர்க்கட்சி வரிசையில் ‘குண்டூசி’ எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே ஆளைக் குத்துகிற அம்மாள். முதலில் கல்வி அமைச்சரிடம், அந்தப் பள்ளிக்குப் போன வருடம் என்ன செலவழித்தீர்கள் என்று கேட்டார். எட்டு வகுப்பறைகள் புதிதாகக் கட்டினோம் என்று அவர் பெருமையோடு சொல்லி உட்கார்ந்தார். குண்டூசி நகர அமைப்பு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

“போன வருஷம் அவரு கட்டினாரு, இந்த வருஷம் நீங்க இடிக்கிறீங்க. நடுவுல யாரைக் கேட்டீங்க? கருத்துக் கேட்கக் கூட்டம் போட்ட அன்னைக்கு அங்க பரீட்சை. மொத்தம் எத்தனை பேர் வந்தாங்க?”

அமைச்சர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். சீட்டு அனுப்பு என்று அர்த்தம்.

வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மைக் செட்காரர், ஒருவர் நாற்காலி போட்டவர், இன்னொருவர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர். மூவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று கோப்பில் ஏற்றியவரும் பரிசீலனைதான்.

பேனா பழக்கதோஷத்தில் ‘விவரங்கள் சேகரிக்கப்பட்டு’ என்று ஆரம்பித்தது. அதை அடித்தார். பயம்கூட வரவில்லை. ‘திட்டம் கைவிடப்படுகிறது. பள்ளி அதே இடத்தில் தொடரும்’ என்று எழுதி, மடித்து, சபைக் காவலரிடம் கொடுத்தனுப்பினார். சபையில் சொன்னது பதிவேட்டில் ஏறிவிட்டால் யாராலும் அதை விழுங்க முடியாது. வேலை போகும். போகட்டும்.

அமைச்சர் சீட்டைப் பிரித்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், கணீரென்று வாசித்தார்.

சபை மேசையைத் தட்டியது. குண்டூசி கேட்க வைத்திருந்த அடுத்த மூன்று கேள்விகளையும் மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். பார்வையாளர் மாடத்தில், பேருந்து நிலையக் காண்ட்ராக்டுக்காக அமைச்சர் வீட்டு வாசலே கதியென்று கிடந்த அவருடைய மைத்துனர் முகம் கறுத்து வெளியேறினார்.

இடைவேளையில், தாழ்வாரத்தில், அந்த மைத்துனர் முன்னாலேயே அமைச்சர் பரிசீலனையைக் காய்ச்சி எடுத்தார். கண்டதை எழுதிக் கொடுத்துக் குடும்பத்துக்கே உலை வைத்துவிட்டான், நாளையிலிருந்து இவன் தூரத்து ஊர்க் கிளையில் கிடக்கட்டும் என்று கூரை அதிரக் கத்தினார். மைத்துனர் விறுவிறுவென்று போனார். பரிசீலனை தலை குனிந்து நின்றார். மாற்றலோடு போனதே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அமைச்சர் அவர் கையைப் பற்றி அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தினார். நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். குரல் தணிந்திருந்தது.

“மூணு மாசமா இப்படியொரு சீட்டுக்குத்தான்யா காத்திருந்தேன்.”