எதிரில் ஒருத்தி

அம்மான் நகரத்து வெயில் சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது. தேநீர்க் கோப்பையில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் லுஜைன் என்பவள் தலை குனிந்து எதையோ எழுதுகிறாள். என் கணவர் முஹன்னதுக்கு இருக்கும் அதே கவனச்சிதறல் கோளாறு அவளுக்கும். எதிரில் ஓர் ஆள் இருந்தால் வேலை ஓடுமாம். அதனால் தினமும் ஒரு மணி நேரம் காணொலி அழைப்பில், பேசாமல் ஒருவருக்கொருவர் துணை. பதினோரு வருஷம் நான் கத்தியும் அவர் மடிக்காத துணி, இதோ, விளிம்போடு விளிம்பு சேர்ந்து அடுக்காகிறது. ஆய வேண்டிய முளூக்கியாக் கீரையோடு நானும் அவர் எதிரே உட்காருகிறேன். "நானும் வாயத் திறக்கமாட்டேன். மடிங்க." பாதி மடித்த சட்டையில் அவர் கை நிற்கிறது. "ருதைனா, உன் தம்பி நேத்து அடிச்ச கூத்து தெரியுமா?" "வேலையப் பாருங்க." "உன்னப் பாத்தா பேசத்தானே தோணுது." லுஜைன் நிமிரவில்லை; உதட்டோரம் மட்டும் சிரிக்கிறாள். அடுக்கின் மேலே என் மேலங்கி. அவள் துணையில் மடிந்ததை உதறிவிட்டு, நானே மறுபடியும் மடிக்கிறேன்.