பின்சீட் இல்லாத வண்டி

அப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு வக்கீல் தீர்ப்பே எழுதிட்டா.

'வக்கீல்' வீட்ல மகளுக்கு வச்ச பேர். சட்டக் கல்லூரியில இப்பத்தான் சேர்ந்தா. பேர் மட்டும் பேச ஆரம்பிச்ச வயசுலயே ஒட்டிக்கிச்சு.

பின்ன என்ன? அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்ல உக்காந்து "மெதுவா, மெதுவா, பிரேக்கு!"ன்னு கத்தியே தொண்டை போனவர். தலையில நாலு முடிதான் கறுப்பு. அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேணுமாம்!

"ரெண்டே சீட்டுப்பா! ஒண்ணுல நீங்க, ஒண்ணுல அம்மா. நான் டிக்கியில சுருண்டு படுத்துக்கவா?"

"டிக்கியும் சின்னதுதான் கண்ணு."

"பாத்தியாம்மா பேச்சை?"

அம்மா கடைக் கண்ணாடி வழியா உள்ள எட்டிப் பாத்தா. ஸ்கூல் வேன் ஓட்டுற அம்மா. சனிக்கிழமை ஒரு நாள் காலை நீட்டலாம்னு இருந்தவளையும் கார் கடைக்கு இழுத்துட்டு வந்திருக்கார்.

கடையில டை கட்டின சேல்ஸ்மேன் ஓடி வந்தான்.

"வாங்க சார், புதுசும் இருக்கு, அந்தக் காலத்து கிளாசிக்கும் இருக்கு. உங்க லைஃப்ஸ்டைலுக்கு எது பொருந்தும்னு பாத்துடலாம்."

"லைஃப்ஸ்டைல் நான் சொல்றேன்"னு முன்னாடி வந்தா வக்கீல். "பொழுது விடிஞ்சா மாடு முந்திட்டுப் போற வேகத்துல ஒரு வண்டி. பொழுது சாஞ்சா முட்டிக்குத் தைலம். இதுக்கு எந்தக் கார் பொருந்தும், சொல்லுங்க?"

சேல்ஸ்மேன் இளிச்சான். அப்பாவும் சேர்ந்து சிரிச்சார். ரோஷமே கிடையாது மனுஷனுக்கு.

முதல்ல புதுசு. வெள்ளி நிறத்துல மீன் மாதிரி வழவழன்னு நின்னுச்சு.

"கியரே போட வேண்டாம் சார். எல்லாம் ஆட்டோமேட்டிக். பெல்ட் போடலேன்னா கத்தும், கோடு தாண்டினா கத்தும், பின்னாடி யாராவது வந்தா கத்தும்..."

அம்மா மூஞ்சி சுருங்கிச்சு. வக்கீல் கண்ணுல அது தப்புமா?

"அம்மா முகத்தைப் பாருங்கப்பா! தினம் அந்த வேன்ல முதுகு ஒடிஞ்சு வர்றா. அவளுக்குன்னு என்னைக்காவது ஆசையா ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

அப்பா அம்மா முகத்தைப் பாத்தார். "இது சரிப்படாது தம்பி. பழசைக் காட்டுங்க."

பழசு கடைக்கோடியில நின்னுச்சு. கருஞ்சிவப்பு, உருண்டைக் கண்ணு, நீள மூக்கு, மேல கூரையே இல்ல.

"கியர் கையாலதான் போடணும் சார். கிளட்ச் கொஞ்சம் கெட்டி. அப்பப்போ ஒர்க்‌ஷாப் போகணும். மழை வந்தா துணி இழுத்து மூடணும். ஆனா சத்தம் இருக்கே சார், சங்கீதம்!"

"சீட்டை நல்லா முன்னாடி இழுக்கலாமா?"ன்னு கேட்டார் அப்பா.

"எதுக்கு?"ன்னு பாஞ்சா வக்கீல். "உங்க நீளக் காலுக்கு சீட்டைப் பின்னாடிதான்பா தள்ளணும். அதுகூடத் தெரியல, இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார்!"

அம்மா மெதுவா கிட்டப் போயி, கியர் குமிழைத் தொட்டா. கண்ணு கலங்கிருச்சு.

"அழ வச்சுட்டீங்க! திருப்தியா? சேத்து வச்சதையெல்லாம் உங்க ஒருத்தர் ஆசைக்குக் கொட்டுறீங்களே, இவ வாயைத் திறந்து கேக்க மாட்டாங்கிற தைரியம்தானே? பேசாத பொம்பளை இளிச்சவாய்னு நினைப்பு! அவளுக்காக நான் கேக்கறேன். அவளுக்குன்னு ஆசை இருக்கக் கூடாதா?"

"நல்ல கேள்வி கண்ணு"ன்னார் அப்பா. "ஒரு ரவுண்ட் ஓட்டிப் பாத்துட்டுப் பதில் சொல்றேன்."

சேல்ஸ்மேன் சாவியோட கதவைத் திறந்து வச்சான். அப்பா வண்டியைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயி, பக்கத்து சீட்ல ஜம்முனு உக்காந்தார். இல்லாத பிரேக்கைத் தேடிக் காலை நீட்டினார்.

வக்கீலுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. "பழக்கதோஷம்! ஸ்டியரிங் இந்தப் பக்கம்பா! இவருதான் ரேஸ் விடப் போறாரு!"

சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அம்மா சேல்ஸ்மேன் கையிலருந்து சாவியை வாங்கிட்டா. ஸ்டியரிங் முன்னாடி உக்காந்து, சீட்டை ஒரே இழுப்பா முன்னாடி இழுத்தா. கண்ணாடியைத் திருப்பினா. கிளட்சை மிதிச்சா.

கெட்டியாம் கிளட்ச்! வேன் ஓட்டின காலுக்கு அது வெண்ணெய்.

"அம்மா! நீ எங்க அங்க ஏறிட்ட?"

"எனக்குத்தாண்டி வண்டி. எத்தனை வருஷமா முதுகுக்குப் பின்னாடி பிள்ளைங்க கூட்டத்தோட ஓட்டுறேன்! ஒருத்தன் தலைமுடியை இழுக்கறான், ஒருத்தி வாந்தி எடுக்கறா. பின்சீட்டே இல்லாத வண்டி ஒண்ணை வேகமா ஓட்டணும்டி. அவ்வளவுதான் என் ஆசை."

வக்கீலோட வாய் திறந்தபடியே நின்னுச்சு. மூடறதுக்கு முன்னாடி அதுவா பேசிருச்சு.

"உனக்கா? இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஸ்போர்ட்ஸ் காரு? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

இன்ஜின் உறுமிச்சு. அம்மா முதல் கியரைப் போட்டா. அப்பா கதவு மேல கையை வச்சுக்கிட்டு, கொஞ்சமும் கோபமில்லாம மகளைப் பாத்தார்.

"அதுக்குத்தான் கண்ணு, வண்டி எனக்குன்னு சொன்னேன்."