மஞ்சள் நூல்

அறுபத்து மூன்று நாள்.

மாமியார்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். காலண்டரில், பென்சிலால், வெளியாள் கண்ணில் படாத சின்னப் புள்ளிகளாக.

நாற்காலி சாய்ந்தது. விளக்கு மருமகளின் முகத்துக்கு நேரே வந்தது.

"அஞ்சு," என்றார் பல் டாக்டர் எஸ்தர். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கம்பியை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு. இங்கயும் ஆறு. இருபத்தாறு வயசுல ஈறு இப்படி வீங்காதே. எத்தனை நாளா ரத்தம் வருது?"

அவள் வாய்க்குள் கம்பி இருந்தது.

"ஒரு மாசமா மேடம்," என்றான் கணவன்.

நாற்காலியின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் அவளுடைய கைப்பை. பெண்டாட்டியின் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் என்று தெருவில் அவனுக்கு நல்ல பெயர்.

வரவேற்பறையில் படிவத்தையும் அவன்தான் நிரப்பியிருந்தான். பெயர். வயது. சர்க்கரை இல்லை. அலர்ஜி இல்லை.

கர்ப்பமா?

பேனா நிற்கவே இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

அவள் அவனைப் பார்த்தாள்.

"மூணு மாசம் முடியட்டும்," என்றான் காதோடு. "அம்மா சொல்லியிருக்காங்கல்லா. பல்லு டாக்டருக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவள் பேசவில்லை.

போன ஆடியில் பேசியிருந்தாள். அப்போதும் நாள் தள்ளியிருந்தது. நாற்பத்தோராம் நாள். குடிநீர் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி பத்மாவிடம், ஒரு பால்கோவா பொட்டலத்தோடு. ஒரே ஒருத்தியிடம்.

ஐம்பத்திரண்டாம் நாள் எல்லாம் போய்விட்டது.

"கருவுலயே கோளாறு. யார் மேலயும் தப்பில்ல," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவன் தலையாட்டினான்.

"பால்கோவா குடுத்துல்லா சொல்லியிருக்கா," என்றாள் வீட்டில் மாமியார். "வாயைக் கட்டத் தெரியாதவளுக்குப் பிள்ளை எப்படித் தங்கும்?"

அதற்கும் தலையாட்டினான்.

அதன்பின் அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றாகிவிட்டது. யாரும் அதைச் சொல்வதில்லை. தலைப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்றுதான் மாமியார் இப்போது செவ்வாய்தோறும் விளக்கு போடுகிறாள்.

தலைப்பிள்ளை.

ஊசி இறங்கியது. கீழுதடு தடித்து மரத்து, யாருடையதோ போல ஆனது. ஈறைச் சுத்தம் செய்யும் கருவி வெகுநேரம் கீச்சிட்டது. துப்பினாள். சிவப்பு.

டாக்டர் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சை அடைத்தார். சிறிய உறையொன்றைக் கிழித்தார். இடுக்கியின் நுனியில் ஒரு துண்டு மஞ்சள் நூல்.

"மாத்திரை வேண்டாம். இதைப் பள்ளத்துக்குள்ளயே திணிச்சிருவேன். அங்கயே கிடந்து கொஞ்சங்கொஞ்சமா மருந்தை விடும். பத்து நாள் அந்தப் பக்கம் பிரஷ் போடக் கூடாது. நாக்கால நோண்டக் கூடாது."

"நான் பாத்துக்கிடுதேன் மேடம்," என்றான்.

உறையில் பெயர் தெரிந்தது. டெட்ராசைக்ளின்.

அவள் படித்தது உயிர்வேதியியல். டெட்ராசைக்ளின் கால்சியத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். எலும்பில். பல்லில். இன்னும் முளைக்காத பல்லிலும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதில்.

பால்பற்களுக்கு இப்போதுதான் மொட்டு வைக்கத் தொடங்கும்.

இந்த நூலில் இருப்பது சொற்பம். ரத்தத்தில் கலப்பது அதிலும் சொற்பம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யவேண்டியவர் டாக்டர். அவருக்குத்தான் சொல்லப்படவில்லை.

டாக்டரின் கை வாய்க்கு அருகில் நின்றது.

"மாசமா ஒண்ணும் இல்லைல்லாம்மா? இருந்தா இதை வைக்க மாட்டோம். ஃபார்ம்ல இல்லைன்னுதான் இருக்கு. இருந்தாலும் ஒரு தடவை கேக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இல்ல மேடம்," என்றான் அவன். சிரித்துக்கொண்டே. "அப்படி ஒண்ணு இருந்தா உங்களுக்குத்தான் முதல் ஸ்வீட்."

இடுக்கி இறங்கியது.

அவள் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மற்ற கையால் பஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நனைந்து கனத்த மூன்று பஞ்சுகள். தட்டில் வரிசையாக வைத்தாள்.

"ஏ, என்ன செய்யுத? சும்மா படு." அவன் எழுந்தான். கைப்பை கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. "மேடம், அவ ஊசிக்குப் பயப்படுதா. நீங்க வைங்க."

மரத்த உதட்டில் சொல் வழுக்கும். அதனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

"மாசமா இருக்கேன் டாக்டர்."

அவன் போய்க் கதவைச் சாத்தினான்.

அவன் அதைச் சாத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு டாக்டரைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"இது ரெண்டாவது."