வெயிலில் தெரியாத தீ

காப்பார் என்னும் ஊரின் ஆற்றோரத் தொழிற்சாலையில், சதுப்பில் வளரும் நீப்பாப் பனையின் கள்ளைக் காய்ச்சி மோட்டார் வண்டிகளுக்கு எரிசாராயம் எடுக்கிறார்கள். உச்சிவெயில் முற்றமெங்கும் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. அண்டாவுக்குத் தீ போடும் இருதயம், சாராயத்தில் நனைந்த சட்டையோடு வெளியே ஓடி வந்து கைகளை வீசிச் சுழல்கிறான். புகை இல்லை, சாராயத் தீயின் சுடரும் அந்த வெயிலில் தெரியவில்லை. "குடிச்சிட்டு ஆடுறான் லா," என்று பீப்பாய் உருட்டும் தம்புசாமி சிரிக்கிறான். இருதயத்துக்குச் சோறு கொண்டுவந்த அவன் மனைவி சாந்தமேரிக்குத்தான் அவன் தலைமுடி சுருண்டு பொசுங்குவது தெரிகிறது. "அண்ணே, எரியுறாரு! தண்ணி ஊத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி அவனைக் கட்டிப் பிடிக்கிறாள். இருவரும் மண்ணில் விழுகிறார்கள். தம்புசாமி வாளி வாளியாக ஊற்றுகிறான். இருதயம் அசையவில்லை. அவள் தோலுரிந்த உள்ளங்கைகளால் அவன் மார்பைத் தடவித் தடவி, "இன்னும் எரியுதாங்க? சொல்லுங்க, இன்னும் எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.