ஹாலில் ஒரு பிரசவம்

“தலை தெரியுது! முக்குங்க, இன்னும் நல்லா முக்குங்க!” என்று டாக்டர் கத்தினாள்.

“முடியலை டாக்டர்... செத்துடுவேன் போல இருக்கு.”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. அப்புறம் ஊசி போட்டுடுவேன்.”

டாக்டருக்கு வயது ஆறு. ஹாலில் சோஃபா மெத்தைகளைத் தரையில் போட்டு மல்லாந்து படுத்திருந்த கர்ப்பிணிக்கு முப்பத்தெட்டு வயது, மூன்று நாள் தாடி. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவர் மாட்டியிருந்தது மனைவியின் நைட்டி. அதற்குள் சுருண்டுகொண்டு, பிறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான் மூன்று வயது மகன்.

மூன்று மணிக்கு ஆரம்பித்த பிரசவம். மணி நாலாகப் போகிறது.

நிஜக் கர்ப்பிணி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிவிட்டது. நாளைக் காலைக்குள் வலி வராவிட்டால் ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் இரண்டையும் சுகப்பிரசவமாகப் பெற்றவளுக்கு இதையும் அப்படியே பெற்றுவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக மாடிப்படி ஏறி இறங்கியே கால் வீங்கிப் போயிருந்தது.

கணவருடைய கவலை வேறு. பெரியவள் பிறந்தபோது அவர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சின்னவன் பிறந்தபோது காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், அதுவும் ஊருக்கே பார்க்கிங் சொல்லிக்கொடுக்கிறவர். மனைவி இரண்டையும் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. அதனால் இந்தத் தடவை முதல் வலியிலிருந்து கடைசி வலி வரை பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்று சத்தியம் செய்து, லீவும் போட்டுவிட்டார்.

லீவு தீரப் போகிறது, வலியைத்தான் காணோம். போன வாரம் இரண்டு தடவை அரக்கப்பரக்க ஆஸ்பத்திரிக்கு ஓடியும், “பொய் வலி” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவர் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

“அம்மா, நீதான் எழுதற நர்ஸ். வலி வரப்பல்லாம் மணி பார்த்து எழுதணும். சரியா?” என்று டாக்டர் மூன்று மணிக்கே நோட்டையும் பென்சிலையும் கொடுத்திருந்தாள்.

அந்த நர்ஸின் வேலை அவருக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை. அவர் தொண்டை கிழியக் கத்தும்போது இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர் அக்கடா என்று ஓய்ந்து படுத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். முகம் வேறு கடுகடுவென்று இருந்தது. ஆபரேஷன் பயம், பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“ஏம்மா நர்ஸு, இப்பத்தானே உயிர் போற மாதிரி கத்தினேன். எழுதலையா?”

“உங்க வேலையைப் பாருங்க.”

“பேஷன்ட்கிட்ட எப்படி எரிஞ்சு விழறா பாரு. நிஜ ஆஸ்பத்திரியேதான்!”

அவள் சிரிக்கவில்லை. அவர் நைட்டிக்குள் குனிந்தார்.

“டேய், வெளிய வாடா. அப்பா முதுகு போச்சு.”

“வரமாட்டேன். இங்கதான் ஜாலியா இருக்கு” என்ற குழந்தை, சொன்னதோடு நிற்காமல் வயிற்றில் நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

அவர் போட்ட அலறல் நடிப்பில்லை. டாக்டர் பாய்ந்து வந்து, கையில் அகப்பட்ட இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள்.

“தலைன்னு சொன்னியே, கால் வருது?”

“முதல்ல தலைதான் இருந்துச்சு. நீங்க ஒழுங்கா முக்கலை, திரும்பிட்டான்.”

நைட்டியின் தையல் டர்ரென்று கிழிந்தது. மகன் தரையில் வந்து விழுந்து, “பிஸ்கட்!” என்று வீறிட்டான்.

“ஆம்பளைக் குழந்தை! சுகப்பிரசவம்!” என்று டாக்டர் குதித்தாள்.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ உலகக் கோப்பையை வாங்கியவர் போல மனைவியைப் பார்த்தார்.

“பார்த்தியா? பயந்தா ஒண்ணும் நடக்காது. கிளட்ச்சை விடற மாதிரி நிதானமா மூச்சை விடணும், அவ்வளவுதான். என்னைப் பார்த்துக் கத்துக்கோ.”

அவள் கடிகாரத்தைப் பார்த்து இன்னொரு தடவை எழுதிவிட்டு நோட்டை நீட்டினாள். டாக்டர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“மூணு அஞ்சு. மூணு பதினாறு. மூணு இருபத்தஞ்சு. மூணு முப்பத்திரண்டு. மூணு முப்பத்தெட்டு. மூணு நாப்பத்தி மூணு. மூணு நாப்பத்தெட்டு... அம்மா! எல்லாம் தப்பு. அப்பல்லாம் அப்பா சும்மாதான் படுத்திருந்தாரு.”

“அதானே!” என்றார் அவர். “ஒரு மணி நேரமா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. வலி வந்ததுகூடவா ஒரு மனுஷிக்குத் தெரியாது?”

மனைவி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“அதெல்லாம் எனக்கு வந்த வலி. நைட்டியைக் கழட்டிட்டுக் காரை எடுங்க!”